பட்டறை பிரிக்கட்டும்

எங்கள் பக்கம் எதைச் சேர்த்து வைக்கிறோமோ அதற்கென்று ஒரு சொல் இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைப்போம். வைக்கோலைப் படப்பு வைப்போம். களத்தில் சோளத்தை அம்பாரமாகக் குவிப்போம். வீட்டுப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் முடிந்து வைக்கும் காசுக்குச் சிறுவாடு என்று பெயர். சின்ன வெங்காயத்தை மட்டும் பட்டறை போடுவோம். கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, சுற்றிலும் தென்னங்கிடுகு கட்டி, காற்று புகுந்து வரும்படி நீளமாகக் கொட்டி வைப்பது. விலை ஏறும்வரை வெங்காயம் அதற்குள் கிடக்கும். ஏறியதும் பட்டறையைப் பிரித்து விற்போம்.

வெங்காயத்தோடு மற்றதையும் அதற்குள்தான் போட்டு வைத்தோம். ஓடு மாற்றணும் என்றால், "பட்டறை பிரிக்கட்டும்" என்பார் என் வீட்டுக்காரர். மகள் வீட்டுக்கு ஒருநடை போய்வரலாமா என்றாலும் அதேதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, பல் வலிக்கிறதே, காட்டக் கூடாதா என்று யாராவது விசாரித்தால் நானும் அதையே சொல்லப் பழகிவிட்டேன்.

போன வருஷம் அவர் தன் கண்ணையும் அதில் போட்டார்.

இடது கண் சின்ன வயதிலேயே வேலிமுள் குத்திப் போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்றுதான். அதில் புரை விழுந்திருந்தது. வடமதுரையில் கண் முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா, "முத்திக்கிட்டே போகுதுங்கய்யா. இருக்கிறது ஒரு கண்ணு. அடுத்த முகாம்லயாவது வந்து ஆபரேசன் பண்ணிக்கங்க" என்றார். செலவு ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய் அவர்களே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் அதன் பிறகு கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. பட்டறை பிரிப்பது என்றால் குனிவதும் தூசியும்தான். அதனால் விலை ஏறட்டும், பிரிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டார்.

அவர் தம்பி அடுத்த தோட்டம். அவருக்கு எதிலும் கேலிதான்.

"மதினி, அண்ணன் காலைல எங்க தோட்டத்துக்கு வந்து யூரியா மூட்டையப் போயி, ஏலே எந்திரி, இங்க ஏன் படுத்துக் கெடக்கன்னு அதட்டுறாரு. நான் பின்னாடி நிக்கிறேன்!"

"மூட்டையாவது சொன்ன பேச்சக் கேட்டு பேசாமக் கெடந்துச்சு. நீ கேப்பியா?" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டறையின் வடக்கு ஓரத்தில் கிடுகு நனைந்து ஊறியிருந்தது. கீழ்வரிசை வெங்காயத்தில் கருப்பாகப் பூஞ்சை. அவரிடம் சொன்னேன். தெற்குப் பக்கமாகப் போய்க் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கம் காய்ந்துதான் இருந்தது.

"கலகலன்னு இருக்கு புள்ள. காத்து வாங்குனா எல்லாம் சரியாயிரும்."

வடக்குப் பக்கம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறீர்கள் என்று அவரிடமே சொல்வதுபோல ஆகிவிடும். விட்டுவிட்டேன்.

அடுத்த முகாமுக்கு நாள் நெருங்கியது. நான் பிறத்தியாரிடம் போனில் பேசுகிறவள் இல்லை. மகளுக்கே அவர் போட்டுக் கொடுத்தால்தான் பேசுவேன். அன்றைக்கு அவர் குளிக்கப் போன நேரத்தில் வெங்காயம் விற்றுக்கொடுக்கும் திண்டுக்கல் கமிஷன் கடைக்கு நானே போட்டேன்.

"அண்ணன் இல்லையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இருக்காக. வண்டி அனுப்புங்க. பட்டறை பிரிக்கிறோம்."

"இப்பவா? செத்த நாளு பொறுத்தா வெல ஏறுமே."

"பரவாயில்ல. அனுப்புங்க." அதற்குமேல் பேசத் தெரியாமல் வைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குச் சொல்லியிருந்த பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார்.

"யாரு வரச் சொன்னா?"

வடக்குப் பக்கம் போய்க் கிடுகை இழுத்தேன். வாடை குப்பென்று வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் வாடையைப் பிடித்துக்கொண்டே வந்து உள்ளே கையை விட்டார். விரலெல்லாம் சொதசொதவென்று ஈரம். வேட்டியில் துடைத்தார். திரும்பவும் விட்டார்.

"அம்புட்டுமா?" என்றார் மெதுவாக.

"இந்தப் பக்கம் மட்டுந்தான். மிச்சம் நல்லாருக்கு."

பிறகு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து அவரும் பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி, "அப்பு, நீங்க பொறுக்குனத நாங்க மறுக்காப் பொறுக்க வேண்டியிருக்கு. கண்ணப் பாத்துட்டு வந்து பொறுக்குங்க, அள்ளித் தாரோம்" என்றாள். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். கையைத் தட்டிவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் வண்டி வந்து மூட்டை ஏற்றியபோதும் வெளியே வரவில்லை.

ஆனால் முகாமன்றைக்கு, நான் எதுவும் சொல்லாமலே சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். மகளும் மருமகனும் வடமதுரைக்கு வந்து அவரோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நான் வீட்டில் இருந்துகொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் தூங்கினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து படுப்பேன், மறுபடி தூக்கம் வரும். இவ்வளவு அசதி எனக்குள் எங்கே கிடந்தது என்று தெரியவில்லை. நடுவில் கொழுந்தனார் வாசலில் நின்று, "மதினி, வெங்காயம் வெல சும்மா ஜிவ்வுனு ஏறிருச்சு. அவசரப்பட்டுட்டீகளே!" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. கட்டு அவிழ்த்துவிட்டார்களாம்.

"ஏ புள்ள, ஒரே வெளிச்சமா இருக்கு. சுவத்துல எறும்பு போறது தெரியுது. நம்ம மகளுக்கு நரைச்சிருச்சு, நீ சொல்லவே இல்ல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? வெங்காயம் இப்ப என்ன வெலைக்குப் போகுது?"

"விசாரிக்கல" என்றேன். "தலைக்குத் தண்ணி விட்டுறாதீக. பதனமா வாங்க."