செம்மேட்டுப் பூவும் எம்மேல வந்த சந்தேகமும்

குனிஞ்சி தரையப் போட்டோ எடுக்கறவன இந்த ஒலகத்துல ஒருத்தனும் நம்பமாட்டான். எங்க தொழில்ல நான் கண்ட மொத உண்மை இதான்.

நான் எடுக்கறது பாலைவனப் பூவு, அதுவும் மலையேறி. இப்டி சொன்னதும் ஒட்டகம் வரும், மணல் குன்னு வரும், நான் தலப்பா கட்டிகினு நிப்பேன்னு தானே ஒக்காந்துகினு இருக்கீங்க? ஏமாந்தீங்க. எங்க பாலைவனத்துக்கு கவரப்பேட்டை ஸ்டேஷன்ல எறங்கி ஷேர் ஆட்டோல போலாம். புதுவாயல் தாண்டினா ஒரு பக்கம் கம்பெனி மதிலு, இன்னொரு பக்கம் லாரிங்க நிக்கற ரோடு, நடுவுல செவசெவன்னு ஒரு சரள மேடு. செம்மேடுன்னு சொல்லுவாங்க. மலையேத்தம்னா அந்த மேடுதான். மூச்சு வாங்கறதுக்குள்ள உச்சி வந்துடும். மாசி பொறந்தா அங்க ஒரு புல்லு பச்சையா இருக்காது. ஆனா பிரம்மதண்டு மஞ்சளா, கொழிஞ்சி ஊதாவா, விஷ்ணுகிராந்தி நீலமா, தரையோட தரையா பூத்துக் கெடக்கும்.

கல்யாணத்துல போட்டோ எடுக்கறது சோத்துக்கு. பூவு எடுக்கறது பைத்தியத்துக்கு. ஞாயித்துக்கெழமையானா பட்டணத்துலேர்ந்து கேமராவ மாட்டிகினு ஒரு கூட்டம் வரும். அவங்கள இட்டுகினு போயி பூவக் காட்றதும் நாந்தான். உங்கள்ல யாராவது முட்டி தேயத் தேய பூவு எடுக்கறவங்களா இருந்தா, இத்தப் படிச்சிட்டு ‘நமக்கு மட்டும் இல்லப்பா’ன்னு மனச தேத்திக்கங்க.

மதிலோரத்துக் கண்டங்கத்திரி

கம்பெனி மதிலை ஒட்டி ஒரு கண்டங்கத்திரி, முள்ளுக்கு நடுவுல ஊதாவா பூத்துகினு இருந்துச்சி. அப்டியே குனிஞ்சேன். பின்னாடி விசிலு. செக்யூரிட்டி ஓடியாறாரு. அவரு பேசறதே திருவிழாவுல மைக் டெஸ்ட் பண்றமாரி இருக்கும். ஒரு வார்த்த வரும், நிக்கும், அடுத்த வார்த்த வரும்.

“யாரு... நீ... எந்த... பேப்பரு?”

“பேப்பரு இல்ல சார், பூவு எடுக்கறேன்.”

“பொய்யி. கழிவுத்தண்ணி... கொழாயத்தானே... எடுத்த?”

“கொழா எந்தப் பக்கம் கீதுன்னே எனக்குத் தெரியாது சார்.”

“அப்ப... கொழா கீதுன்னு... தெரியும்!”

கேமராவப் புடுங்கி ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தாரு. பூவு. பூவு. எறும்பு. திரும்பப் பூவு. பாக்கப் பாக்க மொகம் தெளியும்னு நெனச்சேன். இருட்டிகினே போச்சி. கடைசில கேமராவத் தலகீழா ஆட்டிப் பாத்துட்டு, எங்காதுகிட்ட வந்து மெதுவா கேட்டாரு: “ஒரு மனுசன் இத்தினி பூவு எடுப்பானா? கம்பெனி போட்டோவ எங்கய்யா ஒளிச்சி வெச்சிருக்க?”

செவப்புத் துணி

விஷ்ணுகிராந்தி கிட்ட ஒரு பேஜாரு. வெயிலு ஏறினா மூடிக்கும். மூடிட்டா அந்தச் சரளையில எங்க கெடக்குதுன்னு தெரியாது. அதனால மொத நாளு சாயந்தரமே மொட்டப் பாத்து, பக்கத்துல ஒரு குச்சி நட்டு, செவப்புத் துணி கட்டிட்டு வந்துடுவேன். ஒரு தரம் விடியக்காலம் போயி பாத்தா குச்சி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் கட்டா எஸ்தரக்கா தலையில இருக்குது.

எஸ்தரக்கா ஊடு மேட்டுக்குக் கீழ காலனில. பொண்ணு கம்பெனில ஷிப்டு போவுது. அக்காவுக்கு ஆடுங்கதான் பொழப்பு, ஆடுங்களுக்கு செம்மேடுதான் பொழப்பு. மேட்டுக்குச் சொந்தக்காரரு பட்டணத்துல எங்கயோ இருக்காரு, இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே கெடையாது. மேடு கையி மாறிச்சின்னா ஆடுங்கள வித்துட்டுப் போவவேண்டியதுதான்.

“இன்னாக்கா, அத்தனையும் அடுப்புக்கா?”

“ரோட்டுக்கு அந்தாண்ட இப்டித்தான் ஒருத்தன் குச்சி நட்டு செவப்புத் துணி கட்டினான். அடுத்த மாசம் மதிலு ஏறிச்சி.”

“ஐயோ, நான் அளக்க வரலக்கா. பூவு எடுக்க வரேன். நாலு பேரு வந்து பூவப் பாத்து ஆசப்பட்டா இந்த மேட்டுமேல எவனும் கைய வெக்கமாட்டான். நீ வேணா பாரேன்.”

அக்கா சுள்ளிக்கட்ட எறக்காமயே என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. “அவனும் சும்மா பாக்க வந்தேன்னுதான் சொன்னான். நீ நட்டினே இரு, நான் புடுங்கினே இருக்கேன் நைனா.”

நெஞ்சு தரையில

அதோட குச்சிய வுட்டுட்டேன். போன்லயே லொகேஷன் குறிச்சி, போட்டோவோட சேத்து எங்க ஞாயித்துக்கெழம வாட்ஸப் குருப்புல போட ஆரம்பிச்சேன். எஸ்தரக்கா போனுக்குள்ள வந்து புடுங்கமாட்டாங்க பாருங்க.

நெருஞ்சிப் பூவ எடுக்கணும்னா தரையில கவுந்து படுத்தாதான் முடியும். கவுந்து படுத்துகினு, மூச்சப் புடிச்சிகினு, காத்து நிக்கட்டும்னு காத்துகினு கெடந்தேன். ரோட்ல போன பைக்கு ஒண்ணு நின்னுச்சி. கம்பெனி யூனிபாரத்துல ரெண்டு பேரு.

“பொணம்டா.”

“காலு ஆடுதுடா.”

“அப்ப சரக்கு.”

நான் தலையத் தூக்கி, “பூவு எடுக்கறேன் தம்பி”ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துகினாங்க. பொணமா இருந்தா பரவால்லன்ற மாரி ஒரு பார்வ. பின்னாடி ஒக்காந்தவன், எனக்குக் கேக்கக் கூடாதுன்னு நெனச்சிகினு ஊருக்கே கேக்கறமாரி சொன்னான்: “பூவாம் பூவு. பூமியில காத வெச்சி தண்ணி ஓடுதான்னு கேக்கறான்டா. போர் போட எடம் பாக்கறான்.”

பெரிய பை

ஊரு என்னச் சந்தேகப்பட்டா நான் யாரச் சந்தேகப்படறது? எங்கூட வர்ற கூட்டத்தத்தான். செடிய வேரோட புடுங்கினு போயி தொட்டியில வெக்கற ஆளுங்க இருக்காங்க, உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயித்துக்கெழம தில்லி பாபு ஆட்டோலேர்ந்து ஒரு அம்மா பெரிய பையோட எறங்குச்சி. தில்லி பாபுதான் எங்காளுங்கள ஸ்டேஷன்லேர்ந்து கொண்டாந்து வுட்டு, திரும்ப ஏத்தினு போற டிரைவரு. நான் அந்தப் பையவே பாத்துகினு பின்னாடியே போனேன். அம்மா குனிஞ்சா குனிஞ்சேன், நின்னா நின்னேன். கடைசில அதுவே கடுப்பாயி பையத் தொறந்து காட்டுச்சி. எலுமிச்ச சாதம்.

அதே கூட்டத்துல வெள்ளத் தொப்பி போட்ட ஒரு பெரியவரு. குனியவே மாட்டாரு. மேட்டு உச்சியில நின்னுகினு நாலு தெசையும் படம் புடிச்சிகினு இருந்தாரு. ரோடு, லைட்டு கம்பம், தூரத்துல ஏரி. ஆஹா, இவருதான் ரசிகன், பூவு வாழற எடத்த எடுக்கறாருன்னு எனக்குப் பூரிச்சிப் போச்சி. கூப்ட்டு எல்லாருக்கும் கேக்கறமாரி, “சாரப் பாத்துக் கத்துக்கங்க”ன்னேன். சாரு தொப்பிய சரி பண்ணிகினு, பேங்க் மேனேஜரு மாரி நிதானமா சொன்னாரு: “பூவே முக்கியமில்ல சார். சுத்தி என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். ஹைவே இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?”

ஆளு ஒசரத்துக்கு ஒரு பூவு

அப்புறம் கொஞ்ச நாளு கல்யாண வேல, செம்மேட்டுப் பக்கம் தல காட்டல. ஒரு நாளு தில்லி பாபு ஆட்டோல தனியா போயி எறங்கறேன், மேட்டக் காணோம். ஜேசிபி வுட்டு சமமாக்கி, சுத்தி முள்ளுக்கம்பி இழுத்து, உள்ள வரிசையா மனைக்கல்லு நட்டு வெச்சிருக்காங்க. வாசல்ல ஒரு போர்டு. அதுல ஆளு ஒசரத்துக்கு ஒரு நீலப் பூவு. ஒரு ஓரம் கிழிஞ்ச இதழு, அதுமேல ஏறிகினு இருக்கற எறும்பு. என்னோட எறும்பு. என்னோட போட்டோ. கீழ கொட்ட எழுத்துல, ‘இயற்கையின் மடியில் இல்லம் அமைப்பீர்’.

கம்பிக்கு வெளிய எஸ்தரக்கா நின்னுகினு இருந்தாங்க. ஆடுங்க கம்பி இடுக்குல மூஞ்ச வுட்டு உள்ள பாத்துகினு இருந்துச்சிங்க. ஒரு குட்டி மட்டும் போர்டுல இருந்த பூவ நக்கிப் பாத்துட்டு வந்துடுச்சி.

“ஆட்ட இன்னாக்கா பண்ணப்போற?”

“இன்னா பண்றது. சந்தைக்கு ஓட்டவேண்டியதுதான். செனையா கீறத மட்டும் வெச்சிக்கலாம்னு பொண்ணு சொல்லுது. அத்த எங்க கட்டறது?” என்னத் திட்டவே இல்ல. அதான் தாங்கல.

எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சி. “எவனோ எங்குருப்புல பூந்து போட்டோவத் திருடிகினான்க்கா! அந்த செக்யூரிட்டியா இருக்கும். இல்ல அந்த பைக்குப் பசங்க. எவன்னு கண்டுபுடிக்காம வுடமாட்டேன், நீ இருந்து பாரு!”ன்னு கத்தினேன். அதுவரைக்கும் ஸ்டியரிங்குல சாஞ்சிகினு கேட்டுகினு இருந்த தில்லி பாபு, வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கி வந்தான்.

“யாரணா தேடற? நீ இட்டாந்தவங்கள்ல பாதி பேரு திரும்பிப் போறப்போ எங்கிட்ட பூவப் பத்தியா கேட்டாங்க? எடம் யார்து, பட்டா கீதா, தண்ணி நல்லா வருமா, இதான் கேட்டாங்க. தொப்பிக்காரரு மட்டும் இல்லணா, எலுமிச்ச சாதம் அம்மாவும்தான். நீதானே லொகேஷன் அனுப்பி, வாராவாரம் கையப் புடிச்சி இட்டாந்து சுத்திக் காட்டின? இந்த மேட்டுக்கு நீதாணா புரோக்கரு!”

செக்யூரிட்டிலேர்ந்து எஸ்தரக்கா வரைக்கும் அத்தினி பேரும் எம்மேல சந்தேகப்பட்டுகினு இருந்தப்போ, என்னச் சந்தேகமே படாம திரிஞ்ச ஒரே ஆளு நாந்தான்.