முதல் பிரதி சித்தப்பாவுக்கு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி பெரியவர்கள் சொன்னார்கள். அப்பாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

அப்பா பிறந்தது புதுப்பட்டினத்தில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தம்பியை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார். மறைமலைநகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்ததும் தம்பியைக் காலேஜில் சேர்த்தார். தமக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொண்டது அதற்கும் பிறகுதான் என்று அம்மா சொல்வார். அந்தத் தம்பிதான் எங்கள் சித்தப்பா. இன்று இம்மலரின் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டு முன்வரிசையில் அமரவிருப்பவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் பின்புறம், கோழிகள் அடைந்துகிடந்த ஒரு காரை அப்பா பார்த்தார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டுப்போன அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. இருக்கை இரண்டே. ஸ்டியரிங் இடப்பக்கம். கதவுக்கு வெளியே கைப்பிடியே இல்லை. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த மாதிரியை முதன்முதலில் செய்தபோது கையாலேயே மிகச் சிலவற்றைத்தான் செய்தார்களாம். பின்னால் வந்தவற்றில் கைப்பிடி வந்துவிட்டதாம். நம் நாட்டில் இன்னொன்று இருக்குமா என்பதே சந்தேகம் என்று அதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இடம் காலியானால் போதும் என்று பங்களாக்காரர் அப்பா பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று ஏரிக்கரையிலிருந்து பஜார் வழியாக வீடு வரைக்கும் அப்பா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர் சித்தப்பா. தேர்தலில் ஜெயித்தவரைப் போல இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். பஜாரே சிரித்தது. வியர்த்துக் கொட்டிய முகத்தோடு அப்பாவும் சிரித்தார்.

காரின் உடம்பு முழுக்க ஃபைபர். புதுப்பட்டினத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் நண்பர்கள் ஞாயிறுதோறும் வந்து விரிசல்களை அடைத்தார்கள். எங்கும் கிடைக்காத பாகங்களை அப்பா தாமே கடைந்து செய்தார். பல வருடம் கழித்து, வெள்ளைக் காரில் சிவப்பு சீட்டில் அம்மாவை உட்காரவைத்து மாமல்லபுரம் போனார். ரதங்களைப் பார்க்க வந்தவர்கள் ரதங்களை விட்டுவிட்டு எங்கள் காரைச் சுற்றி நின்றார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எவரையும் பார்க்காமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மைத்துனர், பிள்ளைகள், விருந்தாளி என்று கூட்டத்திலேயே வாழ்ந்தவர். அப்பாவோடு தனியாக அவர் போனது அந்த இரண்டு சீட்டில்தான்.

அப்பா நெஞ்சுவலி வந்து சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாங்களும் அங்கேயே இருந்தோம். அப்போது சித்தப்பா லாரி கொண்டுவந்து காரை ஏற்றிக்கொண்டு போனார். பத்திரமாக வைக்கப்போவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னாராம். வைத்தார், திருவிடந்தைப் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டின் முகப்பில். தம்முடைய கார் என்று சொல்லி முதலாளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அங்கே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வீடு திரும்பிய அப்பா காலிக் கொட்டகையைப் பார்த்தார். போலீசுக்குப் போகலாம் என்றேன். "கூடப் பொறந்தவன ஸ்டேஷன்ல நிக்க வெக்கறதா? வேணாம்மா," என்றார். ஆனால் ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் அந்த ரிசார்ட்டுக்குப் போனார். இரண்டு சீட்டிலும் குரோட்டன்ஸ் தொட்டிகள். சுற்றிலும் சீரியல் பல்பு. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சித்தப்பா நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். வெளியே வரவில்லை. அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. தம்பியை அவர் மன்னித்துவிட்டார்; அது அவருடைய குணம். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை.

சித்தப்பா ஒரு காரியத்தை மறந்துவிட்டார். பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. நெஞ்சுவலி வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் அப்பா இன்ஜினை இறக்கி, பழுதுபார்க்க வீட்டுப் பின்கட்டில் வைத்திருந்தார். "அவன் வெறும் கூட்டைத்தான் எத்துகினு போயிருக்கான். உசுரு இங்க கீது," என்று கடைசி நாட்களில் என்னிடம் சொன்னார்.

அப்பாவின் காரியத்தன்று சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார். பழைய கார்களின் ஊர்வலத்தில் முதலாளி அதை ஓட்ட ஆசைப்படுகிறாராம். மெக்கானிக் பானெட்டைத் திறந்துவிட்டானாம். இன்ஜின் வரவில்லை என்றால் நாற்காலி போய்விடுமாம். "அண்ணனே பூட்டாரு. அந்த இன்ஜின வெச்சிகினு நீ இன்னாம்மா பண்ணப்போற? குட்த்துடு," என்றார். வருஷத் திதியன்று எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன், மலரின் முதல் பிரதியையும் நீங்களே வாங்க வேண்டும் என்றேன். உடனே சம்மதித்தார். இன்ஜின் சர்வீசுக்குப் போயிருப்பதாக முதலாளியிடம் சொல்லி இந்த ஓராண்டைச் சமாளித்திருக்கிறார்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், படகு வேலையை விட்டுவிட்டு வந்து கடைசிவரை உடனிருந்த புதுப்பட்டினம் நண்பர்களுக்கும், கம்பெனி பஸ்ஸில் அப்பாவுக்கு ஜன்னலோரம் இடம்பிடித்து வைத்த தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதல் பிரதி பெற இசைந்த சித்தப்பாவுக்கும் நன்றி. ரிசார்ட் முதலாளிக்கும் இன்று காலையே ஒரு பிரதி சேர ஏற்பாடு செய்திருக்கிறேன். கார் யாருடையது என்று தெரிந்தபின் அவரே அதை வைத்துக்கொள்ள மாட்டார்.

சித்தப்பா கேட்டதற்குப் பதில் இதுதான். இன்ஜின் பின்கட்டைவிட்டு நகராது. கார்தான் அதைத் தேடி வர வேண்டும். லாரி ஏரிக்கரை வரை வரலாம். அங்கிருந்து பஜார் வழியாக, அன்று வந்த வழியிலேயே தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஸ்டியரிங்கில் அம்மா உட்காருவார். யாருக்கும் கும்பிடு போட மாட்டார், நேரே பார்த்தபடி வருவார். பின்னாலிருந்து தள்ளுகிறவரைப் பஜார் பார்த்துக்கொள்ளும்.