அக்காவுக்குக் குறைந்த ஒரு கிரெடிட்

என் அக்காவை இயற்பியல் துறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கையேடு’ என்றுதான் சொல்வார்கள். துறை அலுவலகக் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, எந்தப் பாடம் எடுக்க எந்தப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அவள் வேலை. பொது இயற்பியல், வானியற்பியல், கருவியியல், ஆசிரியர் பயிற்சியோடு சேர்ந்தது என்று நாலு வழி. ஒவ்வொன்றுக்கும் நூற்றிருபது கிரெடிட். நாலும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“எனக்கு நட்சத்திரம் பத்திப் படிக்கணும் மேடம்” என்று கண்ணில் கனவோடு ஒரு பெண் வந்து நின்றால், அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

“நட்சத்திரம் மூணாவது வருஷம். முதல்ல கணக்கு ரெண்டு பேப்பர், மெக்கானிக்ஸ், அப்புறம் மின்காந்தம். இதையெல்லாம் முடிச்சுட்டு வாம்மா, நட்சத்திரம் எங்கயும் ஓடிடாது.”

அந்தப் பெண் அப்படியே எதிரே என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிவத்தை நகல் எடுப்பாள். அக்கா விரட்டுவாள், நான் வியாபாரம் பார்ப்பேன். குடும்பத் தொழில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவு பேசுகிறவள் தானே ஒரு மாணவி என்பது பலருக்குத் தெரியாது. ஊழியர்கள் பருவத்துக்கு ஒரு பாடம் இலவசமாகப் படிக்கலாம் என்று துறைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நம்பி ஒருத்தி பன்னிரண்டு வருடம் படித்தாள். பருவத்துக்கு ஒன்று, கோடை விடுமுறையில் சில சமயம் இன்னொன்று. வகுப்பு உள்ள நாட்களில் பஸ் டிரைவரான அத்தான் வந்து சமைப்பார். அவர் சமையலைப் பன்னிரண்டு வருடம் சாப்பிட்டதற்கே அவளுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

போன கோடையின் தொடக்கத்தில் கிரெடிட் கணக்கு முடிந்தது, நூற்றிருபது ஆகிவிட்டது என்றாள். ஆனால் தன் கோப்பைத் தானே சரிபார்க்கக் கூடாது. அதனால் துறைத் தலைவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார், அக்கா கவுண்டருக்கு வெளியே மாணவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். கையெழுத்தானதும் உடனே நகல் எடுத்துவிடலாம் என்று நானும் பக்கத்தில் நின்றேன். அவர் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவைத் தூக்கினார்.

“முதல் வருஷ அளவீட்டு லேப். ஒரு கிரெடிட். எந்தப் பருவத்துல எடுத்தீங்கம்மா?”

அக்கா எட்டிக் கோப்பைப் பார்த்தாள். அந்த லேபுக்குப் பத்தொன்பது வருடமாகப் பிரிவு போட்டவள் அவள். ஸ்டாப்வாட்ச் வாங்கியவள், கால அட்டவணை ஒட்டியவள், வராத பிள்ளைகளுக்கு ஃபோன் போட்டுத் திட்டியவள். அதன் பெயர்ப் பட்டியலை அத்தனை முறை டைப் அடித்ததில் தானும் அதில் இருந்ததாகவே நினைத்துவிட்டாள். பேரே கொடுக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவள் தன் கோப்பில் கோட்டை விட்டிருக்கிறாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஒரு கிரெடிட்தானே. விலக்கு கொடுத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார் தலைவர்.

“லேபுக்கு விலக்கு கிடையாது சார். பக்கம் பதினேழு. நான்தான் டைப் பண்ணேன்.”

விஷயம் அதோடு நிற்கவில்லை. பாஸ் செய்த பாடம் பன்னிரண்டு வருடம்தான் செல்லும். அவளுடைய முதல் பாடமான மெக்கானிக்ஸ் அந்தக் கோடையோடு காலாவதி. அதற்குள் லேபை முடிக்காவிட்டால், அடுத்த பருவத்தில் லேபை எடுப்பாள், மெக்கானிக்ஸ் போயிருக்கும். மெக்கானிக்ஸைத் திரும்ப எடுப்பாள், அதற்குள் இரண்டாவது பாடம் போயிருக்கும். ஒன்று படித்தால் ஒன்று போகும். சாகும்வரை படித்தாலும் ஒன்று குறையும்.

கோடையில் லேப் நடக்க ஒரே நிபந்தனைதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எட்டுப் பேர் சேர வேண்டும். போன பருவத்தில் ஃபெயிலான ஐந்து பேரை அக்கா தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டாள். அவளோடு ஆறு. வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு அத்தான் டிரைவர் சட்டையோடு கவுண்டருக்கு வந்தார்.

“இந்த லேபுக்கு முன்னாடி என்ன படிச்சிருக்கணும்?”

“யாரு வேணா சேரலாம், ஸ்கூல் முடிச்சிருந்தா போதும்” என்றாள் அக்கா. “எதுக்குங்க?”

“நான் முடிச்சிருக்கேன்ல.”

ஏழு. பிறகு இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பள்ளியில் கணக்கைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவள். கடைக்கு யார் இருப்பார்கள் என்று கத்தினேன், எனக்கு இயற்பியலே ஆகாது என்றேன், சின்ன வயதில் என் சைக்கிளை அவள் உடைத்த கதைவரை இழுத்தேன். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் ஆறு வாரம் நடந்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தால் பாடம் நடத்துகிறவர் என்ன செய்வார்? பாவம், பலகைப் பக்கம் திரும்பியே சிரித்துக்கொண்டார். மூன்றாம் நாள் வெர்னியர் காலிப்பரோடு மல்லுக்கட்டி, நான் நின்றுவிடுகிறேன் என்றேன். ஒருவர் குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவார்கள். அக்கா என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். அத்தானோ ஐந்து ஃபெயில் பிள்ளைகளுக்கும் தலைவராகிவிட்டார். இடைவேளையில் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பிரேக் பிடித்தால் பஸ் எத்தனை அடி தள்ளிப் போய் நிற்கும் என்று வகுப்பே எடுத்தார்.

கடைசி நாள் செய்முறைத் தேர்வு. எனக்கும் அக்காவுக்கும் ஒரே மேசை. நூலில் தொங்கும் குண்டை ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். அக்காவுக்குப் பத்து புள்ளி எட்டு வந்தது. மறுபடி செய்தாள், மறுபடி பத்து புள்ளி எட்டு. மூன்றாவது தடவையும் அதேதான். மணியைப் பார்த்தேன், பத்து நிமிடம் இருந்தது. குவாண்டம் பாஸ் பண்ணியவள் ஒரு குண்டின் முன்னால் வெலவெலத்துப் போனாள்.

“இன்னொரு தடவ ஆட்டுக்கா. வாய்விட்டு எண்ணு” என்றேன்.

குண்டை விட்டாள். விடும்போதே “ஒண்ணு” என்றாள்.

“அதெப்படி ஒண்ணாகும்? அது இன்னும் போய்த் திரும்பியே வரலயே. நான் பேப்பர் எண்ணும்போது ஒரு தாள் வெளிய வந்து விழுந்தப்புறம்தான் ஒண்ணுங்கறேன்.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை நேரம் பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று எண்ணியிருக்கிறாள். குண்டை நிறுத்தி மறுபடி விட்டாள். இந்தத் தடவை சைபரிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பது புள்ளி ஏழு எட்டு. நேரம் முடிந்தது என்று சொன்னபோது அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. அக்கா பாஸ். நானும் பாஸ், அதை இன்றுவரை கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துறைத் தலைவர் திரும்பவும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கடைசி டிக்கை அடித்து, நூற்றிருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக்ஸுக்கு இன்னும் பதினோரு நாள் உயிர் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, தலைவர் கையையே பிடித்துக் குலுக்கினேன். அக்கா மட்டும் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. நன்றி சார் என்று சொல்லித் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அத்தான் ஃபெயில். எல்லா அளவும் சரியாக எடுத்தவர், ‘இதில் எவ்வளவு பிழை இருக்கலாம்’ என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவனின் கையில் பிழை வராதாம்.

சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு அவர் கவுண்டருக்கு வந்தார். கையில் சேர்க்கைப் படிவம். அதே லேப், அடுத்த பருவம்.

“இது எதுக்குங்க? எனக்குத்தான் முடிஞ்சு போச்சே” என்றாள் அக்கா.

“உனக்கு முடிஞ்சுது. நான் பாஸ் பண்ண வேணாமா? லேபுக்கப்புறம் என்ன எடுக்கணும்னும் சொல்லு.”

அக்கா படிவத்தை வாங்கினாள். முதல் வரியைப் படித்தாள், இரண்டாவது வரி அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது போதவில்லை, மேசையில் தலையை வைத்து அழுதாள்.

“மெக்கானிக்ஸ்” என்றாள் தலையைத் தூக்கி. “வகுப்பு அன்னைக்கு நான் சமைக்கிறேன்.”