திசைகாட்டிக்கு அடியில் இருந்த ஊர்கள்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டோம், நானும் நான்கு மாணவர்களும். அவர்களுடைய விமானம் திங்கட்கிழமைதான். அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது ரொறன்ரோ பஸ் அட்டை. ஆளுக்கு மூன்று டொலர் முப்பது சதம், இரண்டு மணித்தியாலத்துக்கு எந்தப் பஸ்ஸும் மாறி ஏறலாம்.

வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த பிள்ளைகள். இலங்கைப் பள்ளிக்கூடங்களில் மூன்று மாதம் பயிற்சி வேலை செய்யப் போகிறார்கள். அதற்கு முன் தீவை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது என் பகுதிநேர வேலை. மேலாளர் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார்: "கடற்கரை, யானை, தேயிலை. அதோடு நிறுத்துங்கள். கூடச் சொன்னால் குழம்பிவிடுவார்கள்." மீறினால் அடுத்த குழுவுக்கு வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். அது அவருக்கும் தெரியும்.

ஆனால் அவர் தந்த இலங்கை வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெற்கிலே குடை, அலை, யானை, தேயிலைக் கூடை எல்லாம் இருந்தன. வடக்கிலே என் ஊர் கரவெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய திசைகாட்டி ஒன்று குந்தியிருந்தது. வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டுவதற்காக வடக்கையே மூடிவைத்திருந்தார்கள். அலுவலக அறையைப் பூட்டிவிட்டு, எங்கள் ஊர் ஆட்கள் கூடும் கடைப்பக்கம் போகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சேர்போர்னில் சுரங்க ரயில் ஏறிக் கடைசி நிறுத்தமான கெனடியில் இறங்கினோம். அங்கிருந்து மிட்லண்ட் பஸ், வடக்கே ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. எனக்குப் பக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த லேனா. முன் இருக்கையில் தொப்பி போட்ட ஒருவர், எங்கள் ஆள், திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஊரிலை எவ்விடம்?"

"கரவெட்டி அண்ணை."

"கரவெட்டியிலை எங்கை?"

சொன்னேன். எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில்தான், அவருடைய மச்சாள் வீடு இருந்ததாம். அவர் நெல்லியடி. லேனா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்கள் பெயரைக் கேட்டாரா?"

"இல்லை. பெயர் இன்னும் தெரியாது. ஊரைத்தான் கேட்டார். நாங்கள் அப்படித்தான்."

அவள் உடனே வரைபடத்தை விரித்து, அந்த ஊர் எங்கே என்றாள். நான் திசைகாட்டியில் விரலை வைத்தேன். தொப்பிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, எங்கடை தலையிலை முள்ளுக்கரண்டியைக் குத்தி வைச்சிருக்கினம்?"

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். குலுங்கும் பஸ்ஸில் திசைகாட்டியின் மேலேயே நெல்லியடிக்கு ஒரு புள்ளி, கரவெட்டிக்கு ஒரு புள்ளி வைத்தார். எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

பதினொன்றரைக்கு மில்லிக்கனில் இறங்கினோம். கடைத்தொகுதி ஒன்றில் ஒரு சாப்பாட்டுக் கடை. தொப்பிக்காரரும் அங்கேதான் வந்தார். ரோல்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் மேல் லேனா வரைபடத்தை விரித்துவிட்டு, வரிசையில் நின்ற ஆளிடம் தானாகவே தமிழில் கேட்டாள்: "ஊரிலை எவ்விடம்?" கடையே திரும்பிப் பார்த்தது. பிறகு தொப்பிக்காரரின் பேனை அவர் கைக்குத் திரும்பவே இல்லை. சாவகச்சேரி என்றார் ஒருவர். புள்ளி கடலுக்குள் போய்விட்டது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். காசாளரான பெண், இங்கே பிறந்தவள், பொறுமையிழந்தாள்.

"அங்கிள், ப்ளீஸ்! லைன் டோருக்கு வெளியிலை போட்டுது. டொட் வைக்கிறாக்கள் சைட்டுக்கு வாங்கோ."

அப்போது வேலை உடுப்போடு சாப்பாடு கட்டிக்கொண்டு போக வந்த பெண் ஒருத்தி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்ன புள்ள, மட்டக்களப்பு கடலுக்குள்ளயா இரிக்கு?"

"அதிலை இடமில்லைத் தங்கச்சி," என்றார் தொப்பிக்காரர். "பெட்டி கிடக்கு."

குடை என்றால் கடற்கரை, கூடை என்றால் தேயிலை என்று விளக்கம் எழுதிய பெட்டி அது. கிழக்குக் கரையை முழுதாக மூடியிருந்தது.

"அந்தப் பெட்டிக்குக் கீழதான் நான் பொறந்த. பேனையத் தாங்க."

 காலையிலிருந்து திசைகாட்டியைத் திட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்தப் பெட்டி என் கண்ணில் படவே இல்லை. அவள் பெட்டிக்குக் குறுக்கே அழுத்திக் கோடு போட்டாள். வந்தாறுமூலை என்று தன் ஊரைத் தமிழில் எழுதி, லேனாவுக்காக ஆங்கிலத்திலும் எழுதினாள். என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை, விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் மேலாளர் லேனாவின் கையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார்.

"நான் சொன்னது யானையும் தேயிலையும்."

"யானையை யாரும் தொடவில்லை," என்றேன். "பாருங்கள், நின்ற இடத்திலேயே நிற்கிறது."

அடுத்த குழுவுக்கு வேறு ஆள் என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அவர் புதிய வரைபடம் ஒன்றை எடுத்து லேனாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. எண்ணெய் ஊறிய பழைய தாளை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்தாள்.

"இதில்தான் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள்," என்றாள்.

எனக்கு வேலை போனது. கரவெட்டியும் வந்தாறுமூலையும் அன்று பின்னேரம் விமானம் ஏறின.