மண்டபத்தை நாங்கள்தான் நிரப்பினோம்

எனக்குக் கூடைப்பந்து பிடிக்கும் என்று சொன்னால் அது பொய். என் மகள் கூடைப்பந்து மண்டபத்தில் மட்டும்தான் என்னோடு கதைத்தாள். அதனால் சனிக்கிழமைகளில் நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயதானதும் வீட்டில் அவள் பேச்சு ‘ஓம்’, ‘இல்லை’, ‘சும்மா’ என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது. மனைவி கேட்டாலும் அதே மூன்று, நான் கேட்டாலும் அதே மூன்று. அறைக் கதவு எப்போதும் சாத்தியே கிடக்கும். ஆனால் எங்கள் பகுதி அணி விளையாடும் நாளில் மட்டும் அவளே வந்து, காரின் சாவியை என் முன்னால் வைத்துவிட்டு நிற்பாள்.

அவள் சின்ன வயதில் அந்தக் கிளப்பின் பிள்ளைகள் பிரிவில் விளையாடியவள். முழங்கால் நோவென்று விளையாட்டை விட்டாள். நான் டுக்னாட்டை விடவில்லை. டுக்னாட் என்பது இந்த நாட்டின் கட்டாயமில்லாத கட்டாயம்: வீட்டுக்கு ஒருவர் வந்து சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும், வராவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். என்னைத் தேத்தண்ணி, கோப்பி விற்கிற கடையில் விட்டார்கள். அங்கே தின்ன வாஃபல் மட்டும்தான் இருந்தது. அந்த இனிப்பு மாவைத் தின்றுவிட்டு எப்படிக் கத்துவார்கள் என்று மனைவிக்குக் கவலை. அவள் மட்டன் ரோல்ஸ் சுட்டுத் தந்தாள். அதற்குப் பிறகு வாஃபல் ஆறிப்போய்க் கிடந்தது. எனக்கு அந்த மண்டபத்தில் ரோல்ஸ்காரர் என்று பெயராகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியதும் கடையைச் சாத்திவிட்டு மகளின் பக்கத்தில் போய் இருப்பேன். முதல் வருடம் உண்மையிலேயே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்பா, கூடைக்குக் கீழ அந்தப் பெட்டிக்குள்ள மூண்டு செக்கனுக்கு மேல நிக்கக்கூடாது. அதுதான் டொம்மர் ஊதினவர்” என்று அவள் விளங்கப்படுத்துவாள். நடுவரை அவர்கள் எல்லாரும் டொம்மர் என்றுதான் திட்டுவார்கள். இரண்டாவது வருடம் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் கேட்டேன். “ஏன் பிள்ளை இப்ப ஊதினவங்கள்?” என்றால் அவள் கண்ணை உருட்டிவிட்டு, பள்ளிக்கூடக் கதை, சிநேகிதியின் கதை, ஊரெல்லாம் சுற்றி விளக்கம் சொல்லி முடிப்பாள். வாரம் முழுக்க வராத பேச்சு அந்த இரண்டு மணித்தியாலத்தில் வரும்.

அணி போகப்போகிறது என்பதை அவள்தான் தன் போனில் காட்டினாள். வளர்ந்தவர்கள் விளையாடுகிற முதல் அணியை ஒரு கம்பனி நடத்திக்கொண்டிருந்தது. அந்தக் கம்பனி அடுத்த பருவத்தில் அணியைப் பக்கத்து நகரமான திராமனுக்குக் கொண்டுபோக ‘யோசித்துக்கொண்டிருக்கிறது’ என்று போட்டிருந்தார்கள். பெயரும் மாறும், சட்டையின் நிறமும் மாறும். எங்கள் மண்டபம் பழையது, பார்வையாளர்கள் வருவதில்லை என்பது காரணம்.

பஸ் டிப்போவில் சொன்னபோது, “திராமன் என்ன தூரமா?” என்று சிரித்தார்கள். தூரமில்லைதான். ரயிலில் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் திராமன். ஆனால் என் வீட்டுக் கதவைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குப் பூட்டினாலும் அது பக்கத்தில்தான் இருக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு அறவே பிடிக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் இருக்கிற தமிழ்நாட்டுத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர், ஆறுதல் சொல்ல வந்தார். “அண்ணா, அமெரிக்கால இதெல்லாம் ரொம்ப சகஜம். டீம் ஊரு மாறும், பேரு மாறும். ஃபேன்ஸ் ரெண்டு வருஷம் புலம்புவாங்க, அப்புறம் பழகிடும்.”

“இது அமெரிக்கா இல்லை, தம்பி” என்றேன். இவ்வளவு கோபமாக அவரிடம் அதற்கு முன் நான் கதைத்ததில்லை.

ஆட்கள் வருவதில்லை என்பதுதானே காரணம், அப்படியென்றால் ஆட்களைக் கொண்டுவந்து காட்டுவோம் என்று நினைத்தோம். இதை நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். ஒரு இடத்தை நிரப்புவது எங்களுக்குக் கைவந்த வேலை. கோயில் திருவிழாவுக்கு நிரப்பியிருக்கிறோம், பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்று நிரப்பியிருக்கிறோம். கூட்டம் சேர்ந்தால் கேட்க வேண்டியவன் கேட்பான் என்ற நம்பிக்கை எங்களை விட்டுப் போவதில்லை. அது பலித்ததா என்று கணக்குப் பார்க்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை.

அணியின் மேளக்காரர் ஒரு நோர்வேஜியன் கிழவர். இளைப்பாறிய தபால்காரர், ஒரு ஆட்டம் விடாமல் வந்து மேளம் அடிப்பவர். எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு, இவ்வளவு பேரை எங்கேயிருந்து பிடிப்பீர்கள் என்று நம்பாமல் கேட்டார். நான் போனை எடுத்தேன். கோயில் குழு, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழு, சீட்டுக் கட்டுகிறவர்களின் குழு. தமிழ்நாட்டுத் தம்பி புலம்பிக்கொண்டே தன் அலுவலகத்தில் பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட அக்காமார், பந்து எந்தக் கூடைக்குள் விழுந்தாலும் கை தட்டினார்கள். “அன்ரி, அது மற்றப் பக்கம்” என்று மகள் சொல்ல, “பாவம், அவையும் கஷ்டப்பட்டுத்தானே போடினம்” என்றார் ஒருவர். மகள் சிரித்தாள். வாய்விட்டு அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று நினைத்தேன். ‘இங்கேயே இருங்கள்’ என்று நோர்வேஜியனிலும் தமிழிலும் தானே எழுதிய பெரிய துணியை, ஆட்டம் முடியும்வரை தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நோகவில்லையா என்று கேட்டதற்கு, நோகட்டும் என்றாள். எங்கள் அணி வென்றது. மேளக்காரர் மேளத்தின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதார்.

கம்பனியின் மேலாளர் என் கடைக்கு வந்தார். ரோல்ஸ் சாப்பிட்டார். இப்படி ஒரு கூட்டத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்டத்தின்போது போனை உயர்த்தி எடுத்த படத்தையும் காட்டினார்.

காரில் திரும்பும்போது மகள், “இனிப் போக மாட்டினம், என்னப்பா?” என்று கேட்டாள்.

“எப்பிடிப் போறது?” என்றேன்.

சில வாரங்கள் கழித்து அறிவிப்பு வந்தது. அணி திராமனுக்குப் போகிறது, எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. அதன் மேலே ஒரு பெரிய படம். எங்கள் மண்டபம், எங்கள் ஆட்கள், சேலை உடுத்த அக்காமார். ‘இந்த உற்சாகம் திராமனுக்கு வருகிறது’ என்று கீழே எழுதியிருந்தது. படத்தின் நடுவில் என் மகள். துணி இருந்த மேல்பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் தூக்கி அவர்களை வழியனுப்பி வைப்பதுபோல அவள் நின்றாள்.

மேலாளருக்குப் போன் எடுத்தேன். சண்டை பிடிக்கவென்றே எடுத்தேன். ஆனால் நோர்வேயில் சண்டை பிடிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அவர் என் குரலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். பணம் போடவிருந்த திராமன் ஆட்கள் கடைசி நேரத்தில் தயங்கினார்களாம், அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் துணிந்தார்களாம். உங்களுக்குத்தான் நன்றி என்றார். முதல் ஆட்டத்துக்கு எங்கள் எல்லாருக்கும் இடம் ஒதுக்குவதாகவும், ரோல்ஸை மறக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நன்றி என்றேன். யாரைப் பிடித்து உலுக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோயிலில் அந்த அக்காமாரில் ஒருவர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். “தம்பி, அடுத்த விளையாட்டு எப்ப? நல்ல பொழுதுபோக்கா இருந்தது. என்ர மருமகளையும் கூட்டிக்கொண்டு வாறன்.” சொல்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

திராமனுக்குப் போவோமா என்று மகளிடம் கேட்டேன். “அது எங்கட லாக் இல்லை” என்று கதவைச் சாத்தினாள். லாக் என்றால் அணி. மேளக்காரர் ஒரு தடவை போனாராம். அங்கே மேளத்துக்குப் பதிலாக ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்களாம், அவர் தன் மேளத்தை மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். எங்கள் மண்டபத்தில் இப்போது சனிக்கிழமைகளில் பட்மின்டன்.

மகள் சனிக்கிழமைகளில் சிநேகிதிகளோடு கடை சுற்ற ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போகிறாள். கொண்டுபோய் விடுவது நான். போன கிழமை, காதில் மாட்டியிருந்ததை அவள் ஒரு நிமிடம் கழற்றியபோது, வாய் தவறியதுபோலக் கேட்டேன்.

“பிள்ளை, அந்தக் கூடைக்குக் கீழ நிக்கிறது… அது எத்தினை செக்கன் எண்டு சொன்னனீங்கள்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, கண்ணை உருட்டவுமில்லை.

“அது உங்களுக்கு எப்பவோ தெரியும், அப்பா” என்றாள். “நீங்கள் கேக்கிறது எனக்கு விருப்பம், அதுதான் சொன்னனான்.”

பிறகு காதில் மாட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கடைவாசலில் இறங்கும்வரை நான் வேறு கேள்வி ஏதாவது தேடிப்பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.