தெரியாமல்தான் இடித்தார் இசக்கிச்செல்வி

"கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டே இசக்கிச்செல்வி டிராக்டரிலிருந்து குதிக்கிறார். வயலுக்கு இறங்குகிற சரிவை மறித்து ஒரு சுற்றுலா வேன் நிற்கிறது. உள்ளே ஐந்தருவிக்குப் போகிற கூட்டம், தலையில் எண்ணெய் வழிய. பின்மண்டையைத்தான் பொடதி என்கிறார் என்பது அவர்களில் யாருக்கும் விளங்கவில்லை; ஆனாலும் வேன் நகர்ந்துவிட்டது. நகர்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. "பாதைன்னா அப்பன் வீட்டு முத்தம்னு நெனப்பு. மூதிங்க." வேன் வளைவில் மறைகிறவரை அதன் முதுகைத் திட்டிவிட்டுத்தான் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இலஞ்சியில் என் வீட்டுக்கு எதிர் மனையில் அவர் வீடு. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, சட்டைப் பையில் பால் கவரில் சுற்றிய செல்போன். சாரல் தொடங்கி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் தொழி அடிக்க, அதாவது நடவுக்கு வயலைச் சேறாக உழ, எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் திட்டு வாங்குவார். கூப்பிடாமல் வேறு வண்டியை அமர்த்தியவர் அதைவிட அதிகமாக வாங்குவார். அவருடைய கணவர் வீரபாகுவுக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை. "இவ வாய்க்குப் பயந்துதான் சார் விடியுமுன்ன பஸ் ஏறிருதேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இசக்கிச்செல்வி திட்டாத ஒரே பொருள் அந்த டிராக்டர். சேற்றில் பதிந்து நின்றாலும் அதைத் திட்டுவதில்லை. மட்கார்டில் யாரையும் உட்காரவிடுவதும் இல்லை. ஒருமுறை நடவுக்குப் போகிற பெண்ணொருத்தி கால்வலி என்று ஏறப்போக, "எறங்குட்டி! நடந்து போனா செத்தா போவ?" என்று எல்லார் முன்னாலும் இறக்கிவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்தாள்.

காரணம் ஊருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய கடைசித் தம்பி மணிமுத்து, பழைய டிராக்டரில் பாரம் இழுத்துக்கொண்டு குளத்துக்கரை மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தது. ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் சிக்கியவனை வெளியே எடுத்தவர்களில் இசக்கிச்செல்வியும் ஒருவர். அந்த வண்டியை அப்படியே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு, கம்பி வைத்த வண்டிதான் வேண்டும் என்று தேடி எடுத்தார். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் தாங்குவதற்காக இருக்கைக்குப் பின்னால், தலைக்கும் மேலே எழும்பி நிற்கிற இரும்பு வளைவு அது. விற்றவர்கள் ரோல் பார் என்றார்களாம். இவருக்கு அது கம்பி. நடுவில் இரண்டு பக்கமும் இருக்கிற பூட்டாணியை உருவினால் பின்னால் மடங்கும். மற்றவர்கள் மரக்கிளையில் இடிக்கிறது என்று அதை மடக்கியே வைத்துவிடுவார்கள். சிலர் கழற்றிப் போட்டுவிடுவதும் உண்டு. இவர் மடக்கியதே இல்லை, போன வருஷம் வரை.

போன வருஷம் இன்னொரு தம்பி உச்சிமாகாளி கார் வாங்கினார். அவர் எல்லைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் எஸ்.ஐ. அப்பா பிரித்துக் கொடுத்த மனையில் தெருவை ஒட்டித் தம்பி வீடு, பின்னால் அக்கா வீடு. தம்பி வீட்டை ஒட்டி ஒரு பொதுப்பாதை உண்டு. டிராக்டர் தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி. கார் நனையாமல் இருக்க உச்சிமாகாளி வீட்டின் பக்கவாட்டில் ஷெட் போட்டார். போட்டவர் தன் இடத்தோடு நிறுத்தவில்லை. பாதைக்கும் சேர்த்துத் தகரத்தை நீட்டிவிட்டார். இடது பக்கம் கார், வலது பக்கம் அக்காவின் வழி, இரண்டுக்கும் மேலே ஒரே கூரை. அந்தக் கூரையைத் தாங்குகிற முன்பக்கக் குறுக்குப் பைப், கம்பியின் உயரத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

அக்கா கேட்டபோது தம்பி சொன்ன பதில் எங்கள் வீட்டு மாடிவரை கேட்டது.

"மடக்குத கம்பிதானக்கா? மடக்கிட்டுப் போ. வெளிய போயி நிமித்திக்கோ. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் வீட்டு வாசலில் இறங்கிக் கம்பியை மடக்குவது, ஷெட்டைக் கடப்பது, தெருவில் இறங்கி நிமிர்த்துவது. சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடியும் அதே வேலை. சாரலில் பூட்டாணி இறுகிவிடும். சுத்தியலால் தட்டி எடுப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசவு விழும். ஷெட்டுக்குள் கேட்கும்படியாகவே விழும். நாத்தனாரும் நாத்தனார் பேச்சும் பழகிப்போன மஞ்சு, உச்சிமாகாளியின் மனைவி, பதில் பேசாமல் கார் மேல் தூசி தட்டிக்கொண்டிருப்பார்.

இந்த ஆனி மாதம் அது நடந்தது. நாற்று பிடுங்கி வைத்தாகிவிட்டது, நடுகைக்காரப் பெண்கள் வரப்பில் நிற்கிறார்கள், வண்டியைக் காணோம் என்று வயல்காரர் நயினார் போனில் சத்தம் போட்டார். அவர் ஒரு பங்கு போட்டால் இசக்கிச்செல்வி இரண்டு பங்கு போட்டார். "கெடக்கட்டும்வே, வாரேன்னு சொன்னா வாரேன்! நடுராத்திரியே வந்து ஒம்ம வயல்ல படுத்துக் கெடக்கணுமா?" போனைப் பையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார். கம்பி நிமிர்ந்தே நின்றது.

நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு இடி. பிறகு பைப் வளைகிற கிறீச்சல். பிறகு தகரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிகிற ஓசை. ஷெட்டின் முன்பாதி அப்படியே காரின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஈரத்துணியை ஷெட்டுக்குள் கொடியில் போட்டுக்கொண்டிருந்த மஞ்சு, சுவரோடு ஒட்டி நின்றார். அவருக்கு ஒரு கை தூரத்தில் தகரம் செங்குத்தாகத் தரையில் குத்தி நின்றது.

இசக்கிச்செல்வி வண்டியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார். எழுந்து ஓடி மஞ்சுவின் தலையை, தோளை, முதுகைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும்தான் சத்தம் வந்தது. "இங்கன எதுக்குட்டி நின்ன? ஒனக்குத் துணி காயப்போட வேற எடமே இல்லயா? செத்துத் தொலைஞ்சிருப்பியேட்டி!" மஞ்சுவைத் திட்டினார், நயினாரைத் திட்டினார், தகரத்தைத் திட்டினார், ஷெட் போட்ட வெல்டரின் பரம்பரையைத் திட்டினார். கடைசியில் தன் நெற்றியில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டார்.

நயினாரின் தொழி அன்று நின்றுபோனது. அதைவிடப் பெரிய தொல்லை சாயங்காலத்துக்குள் வந்தது. ஊரில் ஒருவர்கூட அவர் தெரியாமல் இடித்தார் என்று நம்பவில்லை.

"ஒரு வருசமாத் திட்டிக்கிட்டுக் கெடந்தவ, இன்னைக்கு மறந்துட்டாளாக்கும்?" என்றது தெரு. டீக்கடை காமராஜ் ஒரு படி மேலே போனார். இசக்கிச்செல்வி கடைக்கு வந்ததும் கேட்காமலே டீயை ஆற்றி நீட்டி, "நல்ல காரியம் செஞ்ச தாயி. போலீஸ்காரன்னா பயந்துக்கிட்டே கெடக்கணுமா? போட்ட பாரு ஒரு போடு!" என்றார்.

இசக்கிச்செல்வி டம்ளரை வாங்கினார். டீயைச் சாக்கடையில் கவிழ்த்தார். டம்ளரைப் பெஞ்சில் ஓங்கி வைத்தார்.

"மஞ்சு உள்ள நின்னால்லா? தெரிஞ்சே இடிச்சிருந்தா நான் கொலகாரிலா? நீ எனக்கு டீ குடுக்க!"

நானும் ஒரு தவறு செய்தேன். எதிர் வீட்டுக்காரன் என்ற உரிமையில், நிஜமாகவே மறந்துதான் போனீர்களா என்று கேட்டுவைத்தேன். "நீங்களும் அந்த லைன்ல நிக்கியளா சார்? நான் இடிக்கணும்னு நெனச்சா ஊரக் கூட்டி, மைக் செட்டு வச்சுச் சொல்லிட்டு இடிப்பேன். ஒளிஞ்சு இடிச்சிட்டு மறந்துட்டேன்னு பொய் சொல்லுத சாதியா நான்?" ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உச்சிமாகாளி மறுநாள் காலையில்தான் வந்தார், நைட் டூட்டி முடித்து யூனிபார்மோடு. நசுங்கிய கார் மேற்கூரையைப் பார்த்தார். வளைந்த பைப்பைப் பார்த்தார். டிராக்டரின் கம்பியைப் பார்த்தார். அதில் பெயிண்ட் உரிந்ததைத் தவிர ஒரு கீறல் இல்லை. அதுதான் அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

"ஒரு வருசமா மடக்கினவளுக்கு நேத்து மட்டும் மறந்துட்டோ? எவன்கிட்ட கத விடுத?"

"ஏலே உச்சி, மறந்துட்டேன்னா மறந்துட்டேன். தப்பு எம்மேலதான். ஷெட்ட நான் நிப்பாட்டித் தாரேன். கார நான் சரி பண்ணித் தாரேன்."

"எனக்கு அது வேண்டாம். உண்மையச் சொல்லு."

"உண்மையத்தான் சொல்லுதேன்!"

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உச்சிமாகாளி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குரல் தணிந்தது. ஸ்டேஷனில் ஆட்களைப் பேசவைக்கிற குரலாக இருக்க வேண்டும்.

"சரிக்கா. இவ்வளவு பேரு நிக்காங்க. 'ஆமா, கோவத்துல வேணும்னுதான் இடிச்சேன்'னு ஒரு வார்த்த சொல்லு. கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. பைப்ப ஒசத்திப் போட்டுத் தாரேன். நீ கம்பிய மடக்கவே வேண்டாம். போதுமா?"

ஒரு வருஷமாகக் கேட்டது கைக்கு எட்டிவிட்டது. ஒரு பொய் சொன்னால் போதும். பக்கத்தில் நின்ற வீரபாகு, "சொல்லித் தொலையேன்ட்டி" என்று முணுமுணுத்தார். இசக்கிச்செல்வி கணவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

"செய்யாதத செஞ்சேன்னு சொல்லி எனக்குப் பாத வேண்டாம். தெனமும் மடக்கிட்டே போறேன். நீ அதே எடத்துல, அதே ஒசரத்துல போட்டுக்கோ."

"அப்பம் எதுக்கு அந்தச் சனியன் புடிச்ச கம்பி?" உச்சிமாகாளி கத்தினார். "ஊர்ல எவன் வச்சிருக்கான்? கழத்தித் தூரப் போட்டா என்ன? அது இல்லாட்டா வண்டி ஓடாதா?"

இசக்கிச்செல்வி கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"மணிமுத்து வண்டியில கம்பி இல்ல. ஓடுச்சுல்லா?"

உச்சிமாகாளி கம்பியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அப்போதுதான் மஞ்சு முதல் தடவையாக வாய் திறந்தார். "நான் மதினி மூஞ்சியப் பாத்தேன். வேணும்னு செஞ்ச மூஞ்சி இல்லங்க அது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஏறி உக்காரு" என்றார் இசக்கிச்செல்வி தம்பியிடம், டிராக்டரைக் காட்டி. "ஏறுலே. உக்காந்து நேராப் பாரு."

ஏன் ஏறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. யூனிபார்மோடு ஏறி, ஈர இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து முன்னால் பார்த்தார். முன்னால் என்ஜின் மூடி, பாதை, தெரு.

"கம்பி தெரியுதா?"

உச்சிமாகாளி தலையைப் பின்னால் திருப்பினார்.

"ஒனக்குப் பொடதில கண்ணு இருக்கா? எனக்கும் இல்ல."

உச்சிமாகாளி இறங்கினார். நம்பினேன் என்று சொல்லவில்லை. நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கூடி நின்றவர்களைப் பார்த்து, "இங்கன என்ன அவுத்துப் போட்டா ஆடுதாங்க? போங்கலே!" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அதட்டலைக் கேட்டபோது இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அடுத்த வாரம் வெல்டர் வந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. வீரபாகுதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகவல் சொல்லிக்கொண்டு அலைந்தார். பழைய பைப் வெட்டி எடுக்கப்பட்டது. புதியது நன்றாக உயர்ந்து ஏறியது. காரைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய அன்று, இசக்கிச்செல்வி கம்பியை மடக்காமல் வண்டியைக் கிளப்பினார். ஷெட்டின் வாய்க்கு வந்ததும் வேகம் குறைந்தது. கழுத்து தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது.

உச்சிமாகாளி லுங்கியோடு ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, "வா, வா, வரலாம்" என்று லாரிக்கு வழி காட்டுவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கம்பி பைப்புக்கு நேர் கீழே வந்தபோது, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அக்காவுக்குக் காட்ட, இரண்டுக்கும் நடுவில் தன் வலது கையை விட்டு விரல்களை விரித்துக் காட்டினார். "பாத்தியா? தாராளமாக் கெடக்கு."

வண்டி நின்றது. என்ஜின் அணைந்தது. இசக்கிச்செல்வி இருக்கையின் மேல் ஏறி நின்று, எட்டி, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையை வெளியே இழுத்தார். திருப்பித் திருப்பி ஐந்து விரல்களையும் பார்த்தார். பிறகு அதே கையில், தெருவுக்கே கேட்கும்படி, ஓங்கி ஒரு அடி வைத்தார்.