ஜப்பான் படத்து அண்ணை

மகள் பழைய ஜப்பானியப் படமொன்று பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பல் தலைவியை அடியாட்கள் "அனே!" என்று அழைத்ததும் எனக்குத் தையல் மெஷின் எண்ணெய் மணத்தது.

புலம்பெயர்ந்து வந்த புதிதில், நான் சிறுமியாக இருந்தபோது, செயின்ட்-மிஷேல் வீட்டில் அம்மா இப்படங்களை வாடகைக் கசெட்டில் பார்ப்பார். பெண்ணின் உடையைக் கிழிக்கும் காட்சியில் எண்ணெய் மணக்கும் கையால் என் கண்களைப் பொத்துவார். அவள் வாளெடுத்ததும் கையை எடுத்துவிடுவார்.

"பாரடி, பொம்பிளையை அண்ணை எண்டு கூப்பிடுறாங்கள்!"

தையல் தொழிற்சாலையில் ஒருநாள், கூட வேலைசெய்தவளைத் தொட்ட மேலாளர் முன்னால் அம்மா கத்தரிக்கோலோடு எழுந்து நின்றார். அம்மாவிடம் படக்கதை கேட்டிருந்த பெண்கள் அன்றுமுதல் அவரை 'அண்ணை' என்றார்கள்.

"அம்மா, அனே எண்டா ஜப்பானில அக்கா, அண்ணை இல்லை," என்றாள் நான் சொன்ன கதையைக் கேட்ட மகள்.

"ஓம். அம்மம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."